விற்றுவிட்டுப் போனால் கணக்கு தீருமா?

நைஜீரியாவில் உகெல்லிப் பக்கம் எடுத்த சில புகைப்படங்களை என்னால் மறக்க முடியவில்லை. தரையை ஒட்டிப் பெரிய நெருப்பு ஒன்று எரிகிறது. அதன் பக்கத்திலேயே பெண்கள் குனிந்து மரவள்ளி மாவைப் பரப்பிக் காய வைக்கிறார்கள். மரவள்ளி நமக்குத் தெரியாததா? நாம் வெயிலில் காய வைப்போம். அவர்களுக்கு எண்ணெய்க் கம்பெனியின் நெருப்பே வெயில். இரவிலும் எரிவதால் மாவு சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அந்தப் புகையைத்தான் அவர்கள் நாள் முழுக்கச் சுவாசிக்கிறார்கள்.

எண்ணெய் எடுக்கும்போது கூடவே எரிவாயுவும் வரும். குழாய் போட்டுக் கொண்டுபோனால் அதில் மின்சாரம் எடுக்கலாம், அடுப்பெரிக்கலாம். முடியாவிட்டால் அழுத்தி மறுபடி பூமிக்குள் செலுத்தலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும். கொளுத்திவிட்டால் வேலை முடிந்தது. 2024இல் உலகம் முழுக்க இப்படிக் கொளுத்தியது சுமார் 15,000 கோடி கன மீட்டர் என்கிறது உலக வங்கி. அதே நைஜீரியாவில் கோடிக்கணக்கான பேர் இன்னும் மின்சாரம் இல்லாமல் இருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1984 ஜனவரி 1 முதல் அமைச்சரின் அனுமதி இல்லாமல் வாயுவை எரிக்கக் கூடாது என்று 1979லேயே சட்டம் வந்துவிட்டது. அப்புறம் அனுமதியும் அபராதமுமாகவே காலம் ஓடியது. 1998இல் வைத்த அபராதம் ஆயிரம் கன அடிக்கு வெறும் 10 நைரா (நைரா அந்நாட்டுப் பணம்). குழாய் போடுவதைவிட அபராதம் மலிவு என்றால் எந்தக் கம்பெனி நிறுத்தும்? 2018இல்தான் பெரிய கம்பெனிகளுக்கு அதை 2 டாலராக உயர்த்தினார்கள்.

இவெரெகான் கிராமத்துக்காக ஒருவர் தொடுத்த வழக்கில், 2005 நவம்பரில், பெனின் நகரில் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: இப்படி வாயுவை எரிப்பது உயிர் வாழும் உரிமைக்கு எதிரானது, அங்கே எண்ணெய் எடுத்த ஷெல் கம்பெனி அதை நிறுத்த வேண்டும். நெருப்பு அணையவில்லை.

எண்ணெய்க் கசிவு வழக்குகளும் இப்படித்தான். நான்கு நைஜீரிய விவசாயிகள், அப்போது ஷெல்லின் தலைமையகம் இருந்த நெதர்லாந்து வரை போய் 2008இல் வழக்குப் போட்டார்கள். ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஷெல்லின் நைஜீரியக் கிளையைப் பொறுப்பாக்கியது 2021 ஜனவரியில். பதின்மூன்று வருடம்! அதற்குள் அவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள். 1.5 கோடி யூரோ இழப்பீடு முடிவானது 2022 டிசம்பரில்.

இப்போது ஷெல் என்ன செய்திருக்கிறது தெரியுமா? எண்ணெய் வளமுள்ள கழிமுகப் பகுதியான நைஜர் டெல்டாவின் நிலப்பகுதித் தொழிலை ரெனசான்ஸ் என்ற கம்பெனிகளின் கூட்டமைப்புக்கு 2025 மார்ச்சில் விற்றுவிட்டது. விற்பது அவர்கள் விருப்பம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் லாபம் பார்த்த மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பையும் பத்திரத்தோடு சேர்த்துக் கைமாற்றிவிட முடியுமா? கூடாது என்கிறேன். எண்ணெய்க் கிணறு கைமாறும் முன்பே சுத்தம் செய்வதற்கான முழுத் தொகையையும் தனிக் கணக்கில் கட்ட வைக்க வேண்டும். கிளை செய்த சேதத்துக்கு லண்டனில் இருக்கும் தாய்க் கம்பெனியும் பதில் சொல்ல வேண்டும்.

அதே டெல்டாவில் எண்ணெய்க் கசிவால் கெட்டுப்போன ஓகோனிலாந்து பகுதி தேற 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் சொன்னது. அங்கே ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் புற்றுநோய் தரும் பென்சீன், உலக சுகாதார நிறுவன அளவைவிட 900 மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடித்துக்கொண்டிருந்தது.