பிடிபட்டவர் வீட்டுக்கு எந்தச் சபை போகும்?

ராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையிலும் எந்தக் கத்தோலிக்கப் பங்கை எடுத்துக்கொண்டாலும் சபைகளுக்குக் குறைவில்லை. மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, இளைஞர் இயக்கம், பாடகர் குழு, பீடச் சிறுவர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள், தெருவுக்குத் தெரு அன்பியங்கள் என்னும் அண்டைவீட்டார் குழுக்கள், இவற்றுக்கு மேலே பங்குப் பேரவை. எல்லாரும் உழைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சபை செய்வது இன்னொரு சபைக்குத் தெரிவதில்லை. திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது ஒன்றுசேர்கிறோம். கொடி இறங்கியதும் அவரவர் கணக்கு நோட்டோடு அவரவர் வழியில் போய்விடுகிறோம்.

ஒற்றுமையைப் பற்றித் தியானம் வைத்தால் இது சரியாகும் என்பார்கள். அப்படிப்பட்ட தியானங்களில் நல்ல பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒற்றுமையைப் பேசிப் பேசியே ஒன்றுபட்ட ஊரை நான் பார்த்ததில்லை. கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். கயிற்றின் மறுமுனையில் கனம் இருப்பதால்தான் அத்தனை பேருடைய கால்களும் ஒரே தாளத்தில் பின்னால் நகர்கின்றன. எங்கள் கரையில் அந்தக் கனம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட மீனவரின் வீட்டில் இருக்கிறது.

கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போன விசைப்படகு விடிந்தும் திரும்பவில்லை என்றால் என்ன நடக்கும் என்பது பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எந்தப் படகு, யார் யார் போனார்கள், எங்கே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கைபேசி ஒலிக்கும். படகின் உரிமையாளரான சம்மாட்டி மீன்வளத்துறை அலுவலகத்துக்கு ஓடுவார். சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கும். அழுகிற முகங்களைப் படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். சில நாட்களில் தெரு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த வீட்டுக்குச் சோதனை தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

அங்கே நீதிமன்றம் காவலை நீட்டிக்க நீட்டிக்க இங்கே வட்டி ஏறுகிறது. படகு போனால் சம்மாட்டிக்குத்தான் இழப்பு, கூலிக்குப் போனவருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வாங்கிய முன்பணம் யார் தலையில் நிற்கிறது? அரசு தரும் தினசரி உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டும், ஆதார் நகலும் மீனவர் அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்குப் புத்தகமும் சேர்க்க வேண்டும். கடல்பாசி எடுக்கப் போகிற அந்த வீட்டுப் பெண் ஒரு நாள் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினால் அன்றைய வருமானம் போயிற்று. அதிகாரி இல்லை என்றால் மறுநாள் வருமானமும் போயிற்று. பெரிய பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறது. இதையெல்லாம் ஒரே ஆள் சுமக்கிறாள். ஞாயிறு பூசையில் நமக்குப் பக்கத்தில்தான் அவளும் நிற்கிறாள்.

இந்த வீட்டுக்கு வேண்டிய ஒவ்வொன்றும் ஏற்கெனவே பங்கில் இருக்கிறது. வீடு தேடிப் போவது வின்சென்ட் தே பவுல் சபையின் பிறவிக் குணம். 1833இல் பாரிஸில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரிடம், ஏழைகளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவரும் நண்பர்களும் ஏழை வீடுகளின் படியேறித்தான் அதற்குப் பதில் சொன்னார்கள். அப்படிப் பிறந்த சபை அது. மரியாயின் சேனையினர் வாரந்தோறும் வீடு சந்திக்கிறார்கள். அந்தச் சந்திப்பில் செபத்தோடு அரிசிப் பானையையும் பார்க்கட்டும். கல்லூரிக்குப் போகும் இளைஞர்கள் மனுவை நொடியில் எழுதிவிடுவார்கள், இணையத்தில் பதிவேற்றவும் தெரியும். மறைக்கல்வி ஆசிரியர்கள் மாலையில் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். அன்பியத்துக்கோ தன் தெருவில் எந்த வீட்டு அடுப்பு எரியவில்லை என்று தெரியும். தனித்தனியாகக் கிடக்கிற இந்தத் திறமைகளை யாரும் ஒரு வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

திருச்சபையில் பணிப்பொறுப்புகள் எப்படித் தொடங்கின என்பதைத் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாட உணவுப் பகிர்வில் விடுபட்டுப்போனார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. அதற்காகவே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேவை முதலில் வந்தது, பொறுப்பு பின்னால் வந்தது. நாம் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வேலை தேடுகிறோம்.

இது சங்கத்தின் வேலை, கோயிலுக்கு எதற்கு அரசியல் என்று ஒரு குரல் வரும். அவர்களை வேதாளைக்கு அழைத்துப்போக ஆசைப்படுகிறேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கரையில் 1549இல் இயேசு சபைக் குரு அந்தோணியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். படையெடுத்து வந்தவர்களிடமிருந்து பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றி அனுப்பும் முயற்சியில் இருந்தபோது நடந்தது அது. இந்தக் கரையில் மறைப்பணி என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிடிபடுகிற படகில் சம்மாட்டி முஸ்லிமாக இருப்பார், ஓட்டுநர் நம்மவராக இருப்பார், கூலிக்குப் போனவர்களில் இந்துக்கள் இருப்பார்கள். சிறைக்கு எல்லாரும் சேர்ந்துதான் போகிறார்கள். உதவி மட்டும் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துப் போகுமானால் அதைப் பணி என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் தெருவில் ஒரு முறை பிடிபட்ட வீட்டுக்கு முதலில் சோறு கொண்டுவந்தவர் எதிர்வீட்டு முஸ்லிம் அக்காதான். பங்குப் பேரவையில் இருந்து யாரும் போவதற்கு ஒரு வாரம் ஆனது.

அக்கரையையும் மறக்கக் கூடாது. நமது இழுவைமடி வலைகளால் வலையும் மீன்வளமும் இழந்து நிற்கிற யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் தமிழர்கள்தான். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் நமக்குப் பக்கத்தில் நின்று சிலுவைப்பாதை செய்கிறவர்கள் அவர்கள். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கையிடம் போனபோதும் நமது பக்தர்கள் அங்கே போய்வர இடம் வைத்தார்கள். இங்கிருந்து போகும் பயணத்தை ராமேசுவரத்தில் உள்ள வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயப் பங்கு ஒருங்கிணைக்கிறது. 2024இல் கைதுகளைக் கண்டித்து நமது மீனவர்கள் அந்தத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரு கரை மீனவர்களும் அதிகாரிகள் நடுவில் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் ஏது? இரு பக்கத்துப் பங்குகளும் அங்கே உட்கார்ந்து பேசினால், அங்கே சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்த்து, மருந்து கிடைக்கிறதா என்று விசாரித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பார். அந்த ஒரு செய்திக்காக இங்கே ஒரு வீடே காத்திருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருக்கிற காலம் அது ஒன்றுதான். அந்த நாட்களில் ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் கடலுக்குப் போகிறவர்களின் ஆவண நகல்களை, அவர்கள் சம்மதத்தோடு, சேகரித்துப் பங்கு அலுவலகத்தில் பூட்டிய அலமாரியில் வைக்கலாம். பிடிபட்ட செய்தி வந்த அன்றே மனு போய்விடும். எந்த மதத்தவர் என்றாலும் நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். திருவிழா வசூலில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்க வேண்டும், வாணவேடிக்கை கொஞ்சம் குறைந்தால் அந்தோணியார் வருத்தப்படமாட்டார்.

இதை எழுதிக் கையெழுத்திட்டு அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் வைக்கப்போகிறேன். உங்கள் பங்கில் ஏற்கெனவே இப்படி ஏதாவது நடக்கிறது என்றால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள். கோப்பு யார் பொறுப்பில் இருக்கிறது, அக்கரையில் யார் மூலம் விசாரிக்கிறீர்கள், வட்டிக்காரரிடம் அவகாசம் கேட்க யார் போகிறார்கள், இந்த மூன்றும் எனக்குத் தெரிய வேண்டும்.