பிடியரிசியையும் எழுதுங்கள்

காரைக்குடி வட்டாரக் கிறிஸ்தவ சபைகள் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால், அவற்றின் பழைய வரலாறு முழுவதையும் பேராயர் (பிஷப்) தலைமையில் இயங்கும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து) திருச்சபைக் கணக்கில் எழுதியது சரியல்ல. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் காங்கிரிகேஷனல் மரபினர். அந்த மரபில் பேராயர் கிடையாது, சபையாரே கூடி முடிவெடுப்பார்கள். சிவகங்கையும் மானாமதுரையும் அவர்கள் நிலையங்கள். 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) என்று இணைந்த பிறகே பேராயர் வந்தார்.

மிஷனரி பெயர்களை மட்டும் அடுக்காதீர்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிறன்று ஆலயத்தில் கொட்டிய பெண்கள், ஊர் ஊராக நடந்த உபதேசியார்கள் எங்கே? வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள், தயவுசெய்து. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கரையான் அரிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்.