ஒரே ரசீது, இரண்டு தண்டனை

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஓர் அபராதம் வந்தது. வேக எல்லை 50 என்று பலகை வைத்திருந்த சாலையில் 70-இல் போயிருக்கிறேன். கேமரா பிடித்துவிட்டது. வண்டி எண், நேரம், வேகம் எல்லாம் படத்தில் பளிச்சென்று இருந்தன. மறுக்க ஒன்றுமில்லை. இணையத்தில் கட்டலாம் என்று பார்த்தால் தளம் திறக்கவே இல்லை. சலித்துக்கொண்டே நேரில் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் சரக்கு வண்டி ஓட்டும் ஒருவர் நின்றிருந்தார். அவர் மேலும் அதே குற்றம், அதே தொகை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த நோட்டுகளை எடுத்து எண்ணினார். பிறகு பர்ஸின் உள்ளறையில் தனியாக வைத்திருந்ததையும் எடுத்துச் சேர்த்து எண்ணினார். கூட்டல் தவறியிருக்குமோ என்று மூன்றாம் முறையும் எண்ணினார். தவறவில்லை, பணம்தான் குறைந்தது. "மீதியைச் சம்பளம் வந்ததும் கட்டலாமா சார்?" என்று கேட்டார். "அப்படி வழியில்லை, நாள் தாண்டினால் தொகை கூடும்" என்றார் உள்ளே இருந்தவர். அதட்டலாகச் சொல்லவில்லை, விதியைத்தான் சொன்னார். வண்டிக்காரர் ஒதுங்கி நின்று யாருக்கோ போன் செய்தார். நான் கார்டை நீட்டினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா என்பது சந்தேகம்.

வெளியே வந்ததும் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எனக்கு அரை நாள் சம்பளம் போயிருந்தது. அவருக்கு நான்கு நாள் உழைப்பு. செய்த தவறு ஒன்று, கையில் இருந்த ரசீதும் ஒன்று.

வேகமாகப் போகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வேகம் கூடினால் மோதலின் ஆற்றல் அதன் இருமடியில் கூடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். 50-க்குப் பதில் 70-இல் போனபோது என் வண்டி சுமந்து சென்ற ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்திருந்தால் இந்தப் பதிவை இவ்வளவு சாவகாசமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலைகளில் சாகிறார்கள். தண்டனை வேண்டும், அது உறைக்கவும் வேண்டும். "ஏற்று அபராதத்தை, தானாகத் திருந்துவார்கள்" என்று இதே பக்கத்தில் ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன். தேடி எடுத்துக் கிண்டல் செய்ய விரும்புகிறவர்கள் செய்துகொள்ளலாம்.

அன்று அந்த வரிசையில் நின்றபோது இடித்தது வேறொன்று. தொகையை எவ்வளவு ஏற்றினாலும் அது உறைக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவருக்கு அது குருவி தலையில் பனங்காய், இன்னொருவருக்கு வேகமாகப் போவதற்கான கட்டணம். கட்டணம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடத்திய ஒரு பரிசோதனையைப் பற்றி 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துச்செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு, பத்துக் காப்பகங்களில் ஆறில், சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பானது. அதுவரை ஆசிரியை காத்திருப்பாரே என்ற கூச்சத்தில் ஓடி வந்தவர்கள், பணம்தான் கட்டுகிறோமே என்று நிதானமாக வரத் தொடங்கினார்கள். பிறகு அபராதத்தை நீக்கியும் அந்தக் கூச்சம் திரும்பவில்லை. அன்று கார்டை நீட்டியபோது எனக்கும் அந்தப் பெற்றோருக்கும் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே குற்ற உணர்ச்சி என்று எதையும் தேடிப் பார்த்தேன், சிக்கவில்லை.

பின்லாந்தில் இதற்கு 1921 முதலே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேக எல்லையைக் கொஞ்சம் மீறினால் எல்லோருக்கும் நிலையான தொகைதான். 20 கிலோமீட்டருக்கு மேல் மீறிவிட்டால் 'நாள் அபராதம்'. எத்தனை நாள் என்பதைக் குற்றத்தின் கனம் முடிவு செய்கிறது. ஒரு நாளின் விலை எவ்வளவு என்பதை அவரவர் வருமானம் முடிவு செய்கிறது. வருமானத்தைக் குறைத்துச் சொல்லித் தப்பவும் முடியாது. சாலையோரத்தில் நிற்கும் காவலரே வரித்துறைப் பதிவைப் பார்த்துவிட முடியும். அன்று நாங்கள் இருவரும் இன்னும் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் போய் அங்கே சிக்கியிருந்தால் அவருக்கும் எனக்கும் அதே எண்ணிக்கையில் நாட்கள் போயிருக்கும். படித்ததும் இதுதான் நியாயம் என்று மனம் துள்ளியது.

துள்ளலைக் கெடுக்கவும் பின்லாந்திலேயே ஒருவர் இருக்கிறார். ஓலாந்து தீவுகளைச் சேர்ந்த பெரும் தொழிலதிபர் ஆண்டர்ஸ் விக்லோஃப், 2023 ஜூனில் 50 எல்லையில் 82-இல் போய் 1,21,000 யூரோ கட்டினார். உலகம் முழுவதும் செய்தியானது. வருத்தம் தெரிவித்தார், நம்புகிறேன். ஆனால் அதற்கு முன் 2018-இல் 63,680 யூரோவும், 2013-இல் 95,000 யூரோவும் வேகத்துக்காகவே கட்டியவர் அவர். பத்தாண்டுகளில் மூன்று முறை. அந்தத் தொகைகளில் பலருக்கு வீடே வந்துவிடும், அவருடைய வலது காலுக்கு மட்டும் பிரேக் வரவில்லை.

ஆக, நியாயமான தொகை என்பது ஒன்று, ஆளைத் திருத்தும் தொகை என்பது வேறொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் பேசியே குழப்பிக்கொள்கிறோம். வருமானத்துக்கு ஏற்ற அபராதம் ஏழைக்குச் செய்யும் அநியாயத்தைக் குறைக்கும், அதற்காகவே அதை ஆதரிக்கிறேன். திருத்துவது தொகையைவிட, தப்பவே முடியாது என்ற நினைப்புதான். இதை 1764-இலேயே இத்தாலிய அறிஞர் பெக்காரியா சொல்லிவிட்டார்: தண்டனையின் கொடுமையைவிட அது வந்தே தீரும் என்ற உறுதிதான் குற்றத்தைத் தடுக்கும் என்று. நியூயார்க்கில் வேலை பார்த்த வெளிநாட்டுத் தூதரகத்தினர், 1997 முதல் 2002 வரை விதி மீறி வண்டி நிறுத்திய குற்றத்துக்காக வந்த ஒன்றரை லட்சம் டிக்கெட்டுகளைக் கட்டாமல் விட்டார்கள். 1.8 கோடி டாலருக்கு மேல் பாக்கி. யாரும் தங்களைத் தொட முடியாது என்பதுதான் காரணம். மூன்றுக்கு மேல் பாக்கி வைத்த வண்டியின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிப்போம் என்று 2002-இன் இறுதியில் நகரம் களத்தில் இறங்கியது. மீறல்கள் ஏறக்குறைய 98 சதவீதம் விழுந்தன. தூதர்கள் ஒரே இரவில் உத்தமர்களாகிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை.

தப்ப முடியாத நிலையும், கட்ட முடியாத தொகையும் ஓர் ஏழையிடம் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரம் சாட்சி. அந்த நகரத்தைப் பற்றி 2015-இல் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007-இல் ஒரே ஒரு முறை வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலர், அதன் மேல் கட்டணங்கள். கட்ட முடியவில்லை, நீதிமன்றத்துக்கும் வர முடியவில்லை, ஒவ்வொரு தவறலுக்கும் புதிய கட்டணம் ஏறியது. 2014 டிசம்பருக்குள் 550 டாலர் கட்டியிருந்தார், ஆறு நாள் சிறையிலும் இருந்தார். அப்போதும் 541 டாலர் பாக்கி என்றது கணக்கு. அபராதத்தை வருமானமாக எண்ணி வரவு செலவுத் திட்டம் போடும் நகரத்துக்கு, மக்கள் திருந்திவிட்டால்தான் நஷ்டம்.

மனுநீதிச் சோழன் கதையைச் சற்றே போக்குவரத்து வழக்காக நினைத்துப் பாருங்கள். (ஆமாம், வண்டி ஏறிய விபத்துதானே அது.) கன்றைக் கொன்ற இளவரசனுக்கு ஒரு பிராயச்சித்தம் செய்துவிட்டால் போதும் என்று அமைச்சர்கள் யோசனை சொல்கிறார்கள். அதாவது, கட்டிவிட்டுப் போங்கள் என்கிறார்கள். அரசன் மறுக்கிறான். பசு இழந்ததற்கு ஈடாகத் தானும் எதை இழந்தால் சரியாகும் என்றுதான் பார்க்கிறான். அவன் எடுத்த முடிவை இன்று யாரும் ஏற்க முடியாது, நானும் ஏற்கவில்லை. அவன் அளந்த விதம் மட்டும் மனத்தில் நிற்கிறது.

அப்படியானால் ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கலாமே என்பீர்கள். பல நாடுகள் செய்கின்றன. பிரிட்டனில் மூன்று ஆண்டுகளுக்குள் விதிமீறலுக்கான தண்டனைப் புள்ளிகள் 12 சேர்ந்தால் பொதுவாக உரிமம் போய்விடும். பணத்தை விட மேல்தான். ஆனால் அந்தச் சரக்கு வண்டிக்காரரை அங்கேயும் மறக்க முடியவில்லை. என் உரிமம் போனால் டாக்ஸியில் போவேன். வசதியானவர் ஓட்டுநர் வைத்துக்கொள்வார். சரக்கு வண்டிக்காரருக்கு உரிமம் போனால் வேலையே போயிற்று. மறுபடி மறுபடி உயிரோடு விளையாடுகிறவருக்கு உரிமத்தைப் பறிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரக்கமில்லை. முதல் தவறுக்கு அது பொருந்தாது.

எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பது நேரம் ஒன்றுதான். 2019-இல் எஸ்டோனியக் காவல்துறை, டாலினிலிருந்து ராப்லா போகும் சாலையில் அதைத்தான் சோதித்துப் பார்த்தது. வேகமாகப் போய்ச் சிக்கியவர்களிடம் கேட்டார்கள்: அபராதம் கட்டுகிறீர்களா, சாலையோரத்தில் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருக்கிறீர்களா? மீறிய வேகத்தைப் பொறுத்து 45 நிமிடம் அல்லது ஒரு மணி நேரம். அவசரப்பட்டவனுக்கு அவசரத்தையே தண்டனையாகத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. படித்தபோது யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சிரித்தேன். ஒவ்வொரு சாலையிலும் இதற்கு ஆள் போட முடியாது, கேமராவால் யாரையும் உட்கார வைக்கவும் முடியாது என்பது தெரியும். ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி நேரில் வந்து உட்கார வைக்கும் வகுப்பாகவாவது அதை மாற்றலாம்.

அன்று என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்கவே தேவையில்லை, கார்டைத்தான் நீட்டியிருப்பேன். அதனால், பணமா நேரமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நோட்டுகளை மூன்று முறை எண்ணியவருக்கு இருக்கட்டும். எனக்குக் கொடுக்க வேண்டாம்.