லா பாம்பா எப்போது?

(லாஸ் ஏஞ்சல்ஸ், மக்கார்தர் பூங்கா. புல்தரையில் இலவசக் கச்சேரி. மேடையில் இசைக்குழு இன்னும் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்பானிஷில் ‘செனோரா’ என்றால் அம்மா, ‘மிஹோ’ என்றால் மகனே.)

பையன்: செனோரா, லா பாம்பா எப்போது பாடுவார்கள்?

செனோரா: சுருதி சேரட்டும், மிஹோ. அதற்குள் என் போர்வையிலிருந்து உன் காலை எடு.

பையன்: சாரி. பாவம், மெக்சிகோவிலிருந்து வந்திருக்கிறார்கள். விசா எடுக்கவே நாளாகியிருக்கும், இல்லையா?

செனோரா: பஸ்தான் லேட். பாயில் ஹைட்ஸிலிருந்து வருகிறார்கள்.

பையன்: அது மெக்சிகோவில் எந்தப் பக்கம்?

செனோரா: ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

பையன்: எல்லையில் ஓடுகிறதே, அந்த ஆறு!

செனோரா: லாஸ் ஏஞ்சல்ஸ் ஆறு. பாலம் ஏறி இறங்கினால் வீடு.

பையன்: சரி, இப்போது அங்கே இருக்கிறார்கள். நிஜமாகவே எந்த ஊர்?

செனோரா: நடுவில் நிற்கிறவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். அவளும் இங்கேதான் பிறந்தாள், அவள் அம்மாவும் இங்கேதான். நீ நிஜமாகவே எந்த ஊர்?

பையன்: ஒஹையோ. வந்து மூன்று மாதம் ஆகிறது.

செனோரா: அடேயப்பா, அவ்வளவு தூரமா! விசா சுலபமாகக் கிடைத்ததா?

(பையன் சிரித்தான். புரிந்து சிரித்த மாதிரி தெரியவில்லை.)

பையன்: அந்தக் குட்டி கிதார் குழந்தைகள் வாசிப்பதா?

செனோரா: ஹரானா. எட்டு நரம்பு, அதனால்தான் சுருதிக்கு இவ்வளவு நேரம். வெராக்ரூஸ் வாத்தியம்.

பையன்: பார்த்தீர்களா! மெக்சிகோ என்று அப்போதே சொன்னேனே!

செனோரா: பியானோகூட இத்தாலியில் பிறந்ததுதான். வாசிக்கிறவனிடம் பாஸ்போர்ட் கேட்கிறாயா?

பையன்: அந்தப் பெண் ஏன் பலகை மேல் ஏறியிருக்கிறாள்? மைக் எட்டவில்லையா?

செனோரா: அது தரீமா. உனக்குப் பலகை, அவளுக்கு மேளம். காலால் வாசிப்பாள்.

பையன்: ஓ. லா பாம்பா எப்போது? எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அது ஒன்றுதான் தெரியும்.

செனோரா: 1958இல் அந்த நாட்டுப்பாட்டை ராக் பாட்டாக மாற்றிப் பாடிய ரிச்சி வாலென்ஸுக்கும் ஸ்பானிஷ் சரியாக வராது. இதே ஊர், பக்கோய்மா பையன். 17 வயது. சொந்தப் பெயர் வலென்சுவேலா. ரெக்கார்டு விற்க வேண்டுமே, பெயரில் பாதியை வெட்டிவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் விமானம் விழுந்து போய்விட்டான்.

பையன்: ஐயோ! மெக்சிகோ போகும்போதா?

செனோரா: அயோவாவில், மிஹோ. அயோவாவில்.

பையன்: எப்படியோ, இலவசமாக வாசிக்கிறார்களே, பெரிய மனசு.

செனோரா: இலவசம் உனக்கு. அவர்களுக்குச் சம்பளம் உண்டு. செப்டம்பர் 15இலிருந்து அக்டோபர் 15 வரை ஸ்பானிஷ் வம்சாவளி மக்களான எங்கள் பாரம்பரிய மாதம் என்று ஊரே கூப்பிடும், மேடை கொடுக்கும், ஃபோட்டோ எடுக்கும். வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் வருகிறது.

(ஹரானாக்கள் ஒரே வீச்சில் கிளம்புகின்றன. பலகையில் ஜோடி ஒன்று, தரையில் கிடக்கும் நீளச் சிவப்பு நாடாவைக் காலாலேயே முடிச்சுப் போடுகிறது. புல்தரை முழுக்க எழுந்து நின்று பாடுகிறது. பையனின் ஃபோன் அடிக்கிறது.)

பையன்: ஹலோ! சத்தமாகப் பேசு, இங்கே எல்லோரும் என்னவோ கத்துகிறார்கள்!

செனோரா: மிஹோ, இதுதான்...

பையன்: ஒரு நிமிடம், செனோரா. ஹலோ! இல்லைடா, இன்னும் லா பாம்பா பாடவில்லை!