கணக்குப் பார்ப்பதும் அறிவியல்தான்

ஞாயிற்றுக்கிழமை வடசென்னைத் திருவொற்றியூரில் காலநிலை மாற்றம் பற்றி நடந்த கூட்டத்தில் என்ன ஆனது என்பதை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில், வீடியோவில் வராத ஒன்றை மட்டும் சொல்கிறேன். "அம்மா, அது அரசியல். இங்கே நாம் அறிவியல் மட்டும் பேசுவோம்" என்று பேச வந்திருந்த ஐயா சிரித்துக்கொண்டே சொன்ன பிறகும், கேள்வி கேட்க எழுந்த, மீன் விற்கிற அந்த அக்கா உட்காரவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படியும் நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையைப் பிடித்து இழுத்துத்தான் உட்கார வைத்தார்கள்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. அனல்மின் நிலையத்துக் குழாய் ஒழுகி ஆற்றில் சாம்பல் கொட்டுகிறதே, அந்த நிலையத்துக்காரர்களிடம் இதையெல்லாம் சொன்னீர்களா என்று கேட்டார். அதற்கு முன் முக்கால் மணி நேரம் எங்களுக்குத்தான் பாடம் நடந்தது. மஞ்சள் பை எடுத்துப் போங்கள், விளக்கை அணையுங்கள், விறகு எரிக்காதீர்கள், மரம் நடுங்கள்.

ஐயா, யார் எவ்வளவு எரித்தார்கள் என்று கணக்குப் பார்ப்பதும் அறிவியல்தான்.

நான் விஞ்ஞானி இல்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். கரியமில வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றதைவிட அதிகம் சூடாகிறது என்று யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856இலேயே சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த அந்த வாயு, 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாயில் மலைமேல் உட்கார்ந்து அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இது வரைக்கும் அந்த ஐயாவும் படம் போட்டுக் காட்டினார். நன்றாகவே காட்டினார்.

அடுத்த படத்தைத்தான் காட்டவில்லை. மரத்தில், நம் உடம்பில், உயிருள்ள எதிலும் கார்பன்-14 என்ற ஒருவகைக் கார்பன் துளியளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது மிச்சமே இருக்காது. ஆகவே விறகடுப்புப் புகைக்கு ஒரு கைநாட்டு, நிலக்கரிக் கொதிகலன் புகைக்கு வேறு கைநாட்டு. காற்றில் ஏறியிருப்பது பெரும்பாலும் யாருடைய கைநாட்டு என்று அறிவியல் பார்த்துச் சொல்லிவிட்டது. அந்த அக்காவின் அடுப்பு அதில் குற்றவாளி இல்லை. விறகுப் புகை நுரையீரலுக்குக் கெடுதல்தான், அதை மருத்துவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம்.

ஏறிய வாயு நாளைக்கே இறங்கிவிடுவதும் இல்லை, நூற்றாண்டுக் கணக்கில் தங்குகிறது. அதனால் பழைய பாக்கியும் சேர்த்துத்தான் நோட்டில் எழுத வேண்டும். அப்படி எழுதினால் இதுவரை உலகம் வெளியேற்றியதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றுடையது, இந்தியாவின் பங்கு நூற்றுக்குச் சுமார் 3. அந்த 3க்குள்ளும் எங்கள் எர்ணாவூர்க் குடிசைக்கு எத்தனை, அந்த ஐயா வந்திறங்கிய காருக்கு எத்தனை என்று பிரித்துக் கேட்டால் உடனே அரசியலாகிவிடுகிறது. இதுவரை கூட்டல், இதற்குமேல் அரசியல் என்று கோடு கிழிக்கிற வேலை எந்தப் பாடநூலில் இருக்கிறது?

நான் பிறந்தது ராயபுரம். அம்மா மாசி கடைசியில் மொட்டை மாடியில் வடாம் பிழிவார். பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, காக்கைக்குக் காவலாக என்னை உட்கார வைப்பார். காக்கையை விரட்டிவிடலாம். துறைமுகத்திலிருந்து காற்றோடு வரும் நிலக்கரித் தூளை என்ன செய்வது? மாலையில் எடுக்கும்போது ஒவ்வொரு வடாமிலும் எள் தூவியது போலக் கறுப்பு. "எள்ளு வடாம் என்று சொல்லிவிடு" என்று அம்மா சிரிப்பார். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல் நிலக்கரி இறக்குவதை எண்ணூர்ப் பக்கம் மாற்றினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் எனக்குக் கல்யாணமாகி எர்ணாவூர் வந்திருந்தேன். நிலக்கரியும் நானும் பேசிவைத்துக்கொண்டது போல வடக்கே வந்து சேர்ந்தோம். இப்போது என் வடாம் சாம்பல் நிறம்.

வெயில் என்ன புதிதா, 2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடிக்கவில்லையா என்று ஒருவர் வருவார். அடித்தது. ஒரு நாள் அடித்த வெயில் வேறு, உலகத்தின் சராசரியே ஒரு டிகிரிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருப்பது வேறு. அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து 2024தான் மிகச் சூடான ஆண்டு. ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். கடலோரத்தில் அதற்குப் பெயர் புழுக்கம். வேர்வை காயாது, உடம்பு ஆறாது. என் மாமியார் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார். ஊற்றினால் சுர்ரென்று சத்தம் வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு! வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறார்கள், இறந்தால் 4 லட்சம் நிவாரணம். நல்லதுதான். இறந்த பிறகு.

எல்லாவற்றையும் காலநிலை தலையில் கட்டவும் நான் வரவில்லை. கூட்டத்தில் ஒரு தம்பி, நம் கரையைக் கடல் தின்றது காலநிலை மாற்றத்தால் என்றார். முழுக்க இல்லை, தம்பி. தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. மெரினா அகலமானது, நம் குப்பங்கள் கரைந்தன. 1901க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. ஏறியது அதன்மேல் வந்த சுமை. பாருங்கள், இதிலும் யார் செய்தது என்று கேட்டால்தான் அறிவியல் பதில் சொல்கிறது.

"நீயும் அதே மின்சாரத்தில்தானே போன் சார்ஜ் செய்கிறாய்?" இது நிச்சயம் வரும். ஆமாம். ஏசியும் இருக்கிறது, போன கோடையில் தவணையில் வாங்கினேன், மாமியாருக்கு மூச்சு வாங்கியதால். இதை ஏன் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தென்சென்னையில் யாராவது ஏசிக்குக் காரணம் சொல்கிறார்களா? மின்சாரம் ஊர் முழுவதற்கும் போகிறது, சாம்பல் மட்டும் எங்களுக்கு.

அனல்மின் நிலையத்தை மூடினால் ஒப்பந்தத் தொழிலாளி எங்கே போவான் என்றும் கேட்பார்கள். என் தம்பியே அந்த வேலையில்தான் இருக்கிறான். இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை அவன் கேட்டால் உட்கார்ந்து பேசுவேன், நீங்கள் கேட்காதீர்கள்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், கூரைகளுக்கு வெள்ளை பூசக் காசு கொடுங்கள், கொசஸ்தலையாற்றில் மிச்சமிருக்கும் அலையாத்திக் காட்டைத் தொடாதீர்கள், புதிதாகக் கொதிகலன் வைக்காதீர்கள். 2024இல் கூட எங்கள் பக்கம் 800 மெகாவாட்டுக்கு ஒன்று திறந்தார்கள். அந்த விழாவில் யாரும் மஞ்சள் பை கொடுத்ததாகத் தெரியவில்லை.

அந்த ஐயா நல்ல எண்ணத்தோடுதான் வந்தார் என்கிறார்கள். இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஒரு ஆலையின் எண்ணெயும் சேர்ந்து வந்தபோது, அந்த அக்கா வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் கசிந்து வெளியே வருகிறது. அவரைப் பார்த்துத்தான் "சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று கைகூப்பிச் சொல்லி, ஒரு பூவரசங்கன்றையும் கொடுத்து அனுப்பினார். நடுவதற்கு ஒரு முழம் மண் இல்லாமல் அது பெயின்ட் வாளியில் நிற்கிறது.

இந்த ஆண்டு பிழிந்த வடாம் ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஐயாவைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன். கழுவ முடியாது, கரைந்துவிடும். அப்படியேதான் பொரிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.