கரண்ட் இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுவோம்

எங்கள் வீடு சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக் குடோன், எட்டுத் தறி. அப்பா பாவு (நெசவுக்கு நீளவாட்டில் ஓடும் நூல்) வாங்கி வந்து மீட்டர் கணக்கில் கூலிக்கு ஓட்டுகிறார். அந்தச் சத்தத்தில்தான் வளர்ந்தேன், படித்தேன். ராத்திரி தறி நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும். 2020 ஊரடங்கில் கோவை சாஃப்ட்வேர் அலுவலகத்திலிருந்து லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தேன். தளர்வு வந்து தறி மறுபடி ஓட ஆரம்பித்த அன்றுதான், இது மற்றவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று முதல்முறையாக யோசித்தேன்.

எங்கள் டீமில் சிகாகோவில் நான்கு பேர், பெர்லினில் மூன்று பேர், இங்கே இரண்டு பேர். தினசரி மீட்டிங் சிகாகோவுக்குக் காலை 9.30, பெர்லினுக்கு மாலை 4.30, நமக்கு இரவு 8. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள்; நமக்கு அது 9 ஆகிவிடும். மார்ச்சில் அவர்கள் முன்னால் வைத்ததும் மறுபடி 8. ஐரோப்பா அதே நாளில் மாற்றாது, மார்ச் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். அந்த இரண்டு மூன்று வாரம் பெர்லின்காரர்களுக்கும் நேரம் இடறும். நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, ஆனாலும் நம் வீட்டுச் சாப்பாட்டு நேரம் வருடத்துக்கு இரண்டு தடவை மாறுகிறது.

ஆரம்பத்தில் எட்டு மணி ஆனதும் அப்பா எட்டிப் பார்த்து, "தறிய நிறுத்திப்போடட்டுமா அம்மிணி?" என்று கேட்பார். எட்டுத் தறியும் அரை மணி நேரம் நிற்கும். அந்தக் கூலி போனது போனதுதான். இரண்டு வாரம் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. "நீங்க ஓட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு நான் மியூட்டில் போய்விட்டேன். அப்புறம் பல மாதம் மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை. சொல்ல விஷயம் இருந்தது. டேட்டாபேஸ் மாற்றத்தில் ஒரு தவறு வரப்போகிறது என்று தெரிந்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். வருட மதிப்பீட்டில் 'விவாதங்களில் பங்கெடுப்பதில்லை' என்று எழுதினார்கள். படித்துவிட்டு அழுதேன்.

அதைவிட மோசமானது ஒரு வியாழக்கிழமை நடந்தது. நாளை மதியத்துக்குள் முடியுமா என்று புதன் இரவு கேட்டார்கள். முடியும் என்றேன். வியாழன் எங்கள் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 4 வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். யூபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்கியது. போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரே ஒரு கோடு சிக்னல். உலகம் முழுக்கச் சிதறியிருந்து லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை எழுதுகிறவர்களுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியதுதான் கிட், புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைத்து டீமோடு பகிர நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள். நெட் இல்லாமலும் அதில் கமிட் செய்யலாம், அதாவது மாற்றத்தை நம் கணினியிலேயே பதிந்துகொள்ளலாம். என் வேலை மொத்தமும் லேப்டாப்பில் முடிந்து பத்திரமாக இருந்தது, அதை டீமுக்கு அனுப்புகிற புஷ் மட்டும் போகவில்லை. பெர்லினில் டெஸ்ட் செய்யக் காத்திருந்தவருக்கு அன்றைய நாள் வீண். சாயங்காலம் நான் 'நெட்வொர்க் பிரச்சினை' என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்பினேன்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை? சொன்னால் நம் ஊரைக் குறைவாக நினைப்பார்கள், வேலை வேறு எங்காவது போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்தை நமக்குள் விதைக்கிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை, நம் ஆட்களேதான். "க்ளையன்ட்கிட்ட இதையெல்லாம் சொல்லாதீங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று ஜூனியர்களுக்குச் சொல்லித்தருகிற டீம் லீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறான அறிவுரை. ஜெனரேட்டர் உள்ள கட்டடத்தில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

சிகாகோ டீம்மேட் ஒருவர் தினமும் 3 முதல் 4 வரை, 'பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன்' என்று காலண்டரில் போட்டுவைப்பார். யாரும் அவரைக் குறைவாக நினைத்ததில்லை. அந்த நேரத்தில் மீட்டிங் வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒருநாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீமில் எல்லோரும் படிக்கவும் எழுதவும் முடிகிற விக்கி தளத்தில் ஒரு பக்கம் எழுதினேன். பக்கத்தில் தறி ஓடும், எட்டும் ஓடினால் நான் பேசுவது கேட்காது. மாதம் ஒருநாள் பகலில் கரண்ட் இருக்காது, தேதி தெரிந்ததும் சொல்கிறேன். ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஐப்பசியில் இடி இடித்தால் மோடத்தைக் கழற்றி வைத்துவிடுவோம்.

மறுநாள் பெர்லின்காரர் முதலில் கேட்டது, தறி ஓடுகிற வீடியோ அனுப்ப முடியுமா என்று. அதே வாரம் அவரும் இன்னொருவரும் தங்கள் நிலவரத்தைக் கீழே எழுதினார்கள். இப்போது பெரிய முடிவு எதையும் மீட்டிங்கில் எடுப்பதில்லை. எழுதிப் போட்டு, கருத்துச் சொல்ல ஒரு முழு நாள் விடுகிறோம். என் மறுப்புகளை முழுசாக எழுத முடிகிறது, இரண்டு முடிவுகள் அதனால் மாறியும் இருக்கின்றன. மீட்டிங் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சிகாகோவுக்குக் காலை 7.30, நமக்கு மாலை 6, குளிர்காலத்தில் 7. சர்வர் படுத்துவிட்டால் இதெல்லாம் உதவாது, அப்போது யாராவது ராத்திரி எழுந்துதான் ஆகவேண்டும். அதற்கும் முறை போட்டிருக்கிறோம்.

வருகிற செவ்வாய் எங்களுக்குப் பராமரிப்பு. அன்று தறியும் ஓடாது, வீடே அமைதியாக இருக்கும், ஆனால் பேச நெட் இருக்காது. காலண்டரில் போட்டுவிட்டேன். நான் எழுதிய புரோகிராமைச் சரிபார்ப்பதைத் திங்கள் மாலையே முடித்துத் தருவதாகப் பெர்லினிலிருந்து பதில் வந்திருக்கிறது.