வெளிநடப்பும் ஒரு ஓட்டுதானாம்ல!

நாடாளுமன்றத்துல புது கிரிமினல் சட்டத்த எதிர்த்து ஓட்டுப் போட்டோம்னு மார்தட்டுற கட்சிக்காரர்கிட்ட, “சரிப்பா, எதிர் ஓட்டு எத்தன விழுந்துச்சு?”ன்னு கேட்டது ஒரு குத்தமாய்யா? கேட்டதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு அந்த மனுசன்.

ஜில்லா கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு அலையுறவங்களுக்கு நான் ஒண்ணும் விளக்க வேணாம். காலைல போய் நிக்கணும். பேரக் கூப்பிடுவாங்க. எதிர்த்தரப்பு ஜூனியர் எந்திரிச்சு, “சீனியர் ஹைகோர்ட்ல இருக்காரு, டைம் வேணும்”பாரு. அம்புட்டுத்தான், போய்ட்டு வாங்க. 2004 ஜூலைக்கு முந்தி “மெட்ராஸ் போயிருக்காரு”ம்பாங்க, இப்ப “ஒத்தக்கடை போயிருக்காரு”ங்கிறாங்க. மதுரை ஒத்தக்கடைக்கு ஹைகோர்ட் கிளை வந்ததுல தூரம் கொறஞ்சிருக்கு, வாய்தா கொறையல.

இத்தனைக்கும் சட்டத்துல இதுக்கு மருந்து எழுதியாச்சு. சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 17, ரூல் 1. ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல கிடையாதுன்னு 1999-ல திருத்தி, 2002 ஜூலைல நடைமுறைக்குக் கொண்டாந்தாங்க. அப்புறம் நம்ம சேலம் வக்கீல் சங்கம் போட்ட கேஸ்ல 2005-ல உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனா கட்சிக்காரர் கைய மீறுன காரணமா இருந்தா மூணுக்கு மேலயும் குடுக்கலாம்னு சொல்லிருச்சு. அந்தச் சந்துக்குள்ளதான் எங்க பாகப்பிரிவினை கேஸ் பாய விரிச்சுப் படுத்துருக்கு. கேஸ் போட்ட பெரியப்பாவும் போய்ச் சேந்துட்டாரு, எதிர்த்து நின்ன சித்தப்பாவும் போய்ச் சேந்துட்டாரு. வாய்தா மட்டும் ஆயுசு கெட்டியா இருக்கு.

அந்தக் கடுப்போட வெளிய வந்து டீக்கடைல நிக்கிறேன். பக்கத்துல ஒரு வட்டச் செயலாளர். எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன், சொன்னா நீங்க விசயத்த விட்டுட்டு கட்சியப் புடிச்சுத் தொங்குவீங்க. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டுக்குள்ள இருந்து தலைவர் எட்டிப் பாக்குறாரு.

“என்னண்ணே, இன்னைக்கும் வாய்தாவா?”

“ஆமா தம்பி.”

“விடுங்கண்ணே. இவிங்க கோர்ட்டையே நாசம் பண்ணிட்டாங்க. கிரிமினல் சட்டத்த மாத்துனப்பயே எங்க ஆளுக நாடாளுமன்றத்துல எதிர்த்து ஓட்டுப் போட்டாங்கள்ல.”

“எத்தன பேரு போட்டாங்க?”

“எல்லாரும்தாண்ணே.”

“எல்லாரும்னா?”

“எல்லாரும்னா எல்லாரும்ணே.”

“தம்பி, அது 2023 டிசம்பர் 20. மக்களவைல கிரிமினல் சட்டங்கள மாத்துற அந்த மூணு மசோதா நிறைவேறுறப்ப எதிர்க்கட்சிக்காரங்க முக்காவாசிப் பேரு உள்ளயே இல்ல. அந்தத் தொடர்ல ரெண்டு சபையும் சேத்து 146 பேர சஸ்பெண்ட் பண்ணித் தள்ளிட்டாங்க. அப்புறம் யாருப்பா எதிர்த்து ஓட்டுப் போட்டது?”

“அதத்தாண்ணே நானும் சொல்றேன். வெளிய இருந்து எதிர்த்தோம்.”

“வெளிய இருந்து எப்படிப்பா ஓட்டுப் போடுவீங்க?”

“வெளிநடப்பும் ஒரு ஓட்டுதாண்ணே.”

டீ மாஸ்டர் ஆத்துறத நிறுத்திட்டு எங்க பக்கம் திரும்புனாரு. அவருக்கே தாங்கல.

“வெளிநடப்ப எந்தக் கணக்குலப்பா எழுதுவாங்க? ஆமாவுலயா, இல்லையிலயா?”

“மக்கள் மனசுல எழுதுவாங்கண்ணே.”

எப்படி இருக்கு பாருங்க! நான் விடல. “மக்கள் மனசு இருக்கட்டும் தம்பி, சபைக் குறிப்புல என்ன எழுதிருக்கு?”ன்னேன். உடனே போன எடுத்தாரு. “வீடியோவே இருக்குண்ணே, பாருங்க”ன்னு ஒரு ரீல்ஸ். தலைவர் வெரல ஆட்டி ஆட்டிக் கத்துறாரு, பின்னாடி பறை அதிருது, மின்னல் வெட்டுது. ஓட்டு எங்கன்னேன். அடுத்த பார்ட்டுல வரும்ணேன்னாரு. திருப்பி ஒருக்கா ஓட விட்டுப் பாத்தேன். தலைவருக்குப் பின்னாடி ரெண்டு வாழமரம், கொலையோட. “நாடாளுமன்றத்துல எப்பயிருந்துய்யா வாழமரம் கட்டுறாங்க?”ன்னா, மூஞ்சி சுண்டிப்போச்சு. “அது மாநாட்டுல அத விளக்கிப் பேசுனதுண்ணே.”

சரி, இவர மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது. அன்னைக்கு ஆதரிச்சவங்க யாரு யாருன்னு கேட்டாலும் பேர் பட்டியல் கிடையாது. ஏன்னா அந்த மூணும் போனது குரல் வாக்கெடுப்புல. மறுநாள் மாநிலங்களவைலயும் அதே கூத்து. 1860-ல எழுதுன தண்டனைச் சட்டத்தத் தூக்கிப் போட்டுட்டு நாட்டுக்கே புதுச் சட்டம் கொண்டாராங்க. எத்தன நாளைக்குள்ள தீர்ப்புச் சொல்லணும், எத்தன வாய்தா குடுக்கலாம்னு கிரிமினல் கோர்ட்டோட தலையெழுத்தே அந்த மூணுக்குள்ளதான் இருக்கு. அதுக்கு யாரு கை தூக்குனா, யாரு தூக்கலன்னு ஒரு சீட்டு கிடையாது. ஆமாங்கிறவங்க ஆமாம்பாங்க, இல்லைங்கிறவங்க இல்லைம்பாங்க. சபாநாயகர் காதுல எது பெருசா விழுகுதோ அது சட்டம். அலங்காநல்லூர் வாடிவாசல்ல எந்திரிக்கிற சத்தத்த வச்சு யாரு மாடு புடிச்சான்னு பரிசு குடுத்தா அங்க ஒருத்தன் ஒத்துக்குவானா?

ஒரு உறுப்பினர் எந்திரிச்சு டிவிஷன் வேணும்னு கேட்டா, பேரப் பதிஞ்சு எண்ணுற ஓட்டெடுப்பு நடத்தலாம்னு விதி இருக்கு. ஆனா தேவையில்லாமக் கேக்குறாங்கன்னு சபாநாயகருக்குப் பட்டுச்சுன்னா, ரெண்டு பக்கத்தையும் எந்திரிச்சு நிக்கச் சொல்லி எண்ணிட்டு முடிச்சுரலாம். அப்படி எண்ணுனா பேரு பதிவாகாதுன்னும் அதே விதில எழுதி வச்சுருக்காங்க. விவரமானவங்கதான்யா எழுதிருக்காங்க!

ஒழுங்கா பட்டன் அமுக்குற ஓட்டெடுப்பும் இருக்கு. பச்சை ஆமா, சிவப்பு இல்ல, மஞ்சள் ரெண்டுலயும் இல்ல. பழைய கட்டடத்துல ஒரு கையால ஒரு சுவிட்ச அமுக்கிக்கிட்டே இன்னொரு கையால கலர் பட்டன அமுக்கணும், ரெண்டாவது மணி அடிக்கிற வரைக்கும் கைய எடுக்கக்கூடாதுன்னு இருந்துச்சு. ரெண்டு கையும் மாட்டிக்கிருமா, பக்கத்து சீட்டுக்காரர் பட்டன அமுக்க முடியாது. ஓட்டு யாரு போட்டாங்கிறதுல இம்புட்டுக் கவனமா இருக்கத் தெரிஞ்ச ஆளுகளுக்கு, அந்த மிஷின எப்ப தொடணும்னுதான் தெரியல.

கோர்ட்டு விசயத்துல அந்த மிஷின் வேல செஞ்ச கதையும் ஒண்ணு இருக்கு. 2014 ஆகஸ்ட் 13. நீதிபதிகள நீதிபதிகளே தேர்ந்தெடுக்குற கொலீஜியத்துக்குப் பதிலா நியமன ஆணையம். அரசியல் சாசனத் திருத்தம்கிறதால குரல் வச்சு ஒப்பேத்த முடியாது, எண்ணியே ஆகணும். மக்களவைல 367 ஆதரவு. எதிர்ப்பு? சைபர். மறுநாள் மாநிலங்களவைல 179. அங்கயும் எதிர்ப்பு சைபர். ராம் ஜெத்மலானி ஒருத்தர் மட்டும் யாருக்கும் போடாம உக்காந்துருந்தாரு. ரெண்டு சபைலயும் ஒருத்தர்கூட ‘இல்ல’ன்னு அமுக்கல! அடுத்த வருசம் அக்டோபர் 16-ல உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒண்ணுன்னு அதத் தூக்கிக் குப்பைல போட்டுச்சு. அஞ்சு நீதிபதிகளுக்குள்ளயே ஒருத்தர், செலமேஸ்வர், ஒத்துக்காமத் தனியா தீர்ப்பு எழுதுனாரு. சபைல அத்தன பேருக்கு நடுவுல அப்படி ஒருத்தர் இல்ல.

நம்மூரு ஆளுக என்ன செஞ்சாங்கன்னு கேக்குறீங்களா? அப்ப தமிழ்நாட்டுல 39-க்கு 37 அதிமுக. அவங்க மக்களவைல ஓட்டே போடல. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், மொத்தமா அன்னைக்கு லீவு.

இதையெல்லாம் சொன்னா வட்டம் சிரிக்கிறாரு. “அண்ணே, கொறடா சொல்றத மீறுனா பதவி போயிரும்ணே. வெவரம் தெரியாமப் பேசுறீங்க.” தெரியும்யா. 1985-ல கட்சித் தாவலத் தடுக்குறேன்னு சட்டம் போட்டாங்க. தாவுறது நின்னுச்சா? அது பாட்டுக்கு ரிசார்ட்டு பஸ்ல போய்க்கிட்டுத்தான் இருக்கு. நின்னது யோசிக்கிறது. கொறடா ஒருத்தர் சொல்றதத்தான் அத்தன பேரும் அமுக்கணும்னா, கட்சிக்கு ஒரு நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு எண்ணிக்கைச் சீட்டக் குடுத்து முடிச்சுரலாமே. விமான டிக்கெட் காசாவது மிஞ்சும்.

கொறடா உத்தரவு இல்லைன்னாலும் அழகுதான். 1993 மே மாசம், நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் நீதிபதி வி.ராமசாமிய நீக்கணும்னு தீர்மானம். மசோதா இல்ல, ஆனா கோர்ட்டு சம்பந்தமா நாடாளுமன்றம் போட்ட ஓட்டுலயே பெரிய ஓட்டு அதுதான். 196 பேரு நீக்கணும்னாங்க. காங்கிரஸும் கூட்டணியும் சேத்து 205 பேரு, சபைக்குள்ளயே உக்காந்துக்கிட்டு ஓட்டுப் போடல. எதிர்ப்பு எத்தன? வழக்கம்போல சைபர்! நீக்கக்கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல, ஆனாலும் தீர்மானம் தோத்துப்போச்சு. அவரு 1999-ல சிவகாசி தொகுதில நின்னு நம்மகிட்டயே ஓட்டுக் கேட்டு வந்தாரு. ஜனங்க ஒதுங்கி உக்காரல, போட்டாங்க. வைகோ ஜெயிச்சாரு.

தீர்ப்பாயம்னா ஒரு குறிப்பிட்ட விசயத்துக்கு மட்டும் இருக்குற தனிக் கோர்ட்டு மாதிரி. 2021 தீர்ப்பாயச் சீர்திருத்த மசோதா இன்னும் விசேசம். ஜூலைல உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு அடிச்ச விதிகளையே மறுபடி எழுதி, ஆகஸ்ட் 3-ல மக்களவைல அமளிக்கு நடுவுல, விவாதமே இல்லாம, குரல் ஓட்டுல பாஸ். ஊர்ப்பேர் சொல்லி விக்கிற சரக்குக்குக் குடுக்குற புவிசார் குறியீட்டுக்கு அப்பீல் கேக்குற தீர்ப்பாயம் சென்னைல இருந்துச்சு, அதையும் சேத்து மூடுனாங்க. மதுர மல்லிக்கும் சுங்குடிக்கும் குறியீடு வாங்குனப்ப எம்புட்டு ஆட்டம் போட்டோம்! அப்பீல் போற எடத்தையே எடுத்தப்ப யாருக்காச்சும் தெரிஞ்சுச்சா? மெட்ராஸ் பார் அசோசியேஷன் கேஸ் போட்டு, 2025 நவம்பர்ல அதோட முக்கிய விதிகள் மறுபடி செல்லாதுன்னு ஆச்சு. கோர்ட்டு அடிக்கும், இவங்க கத்திப் பாஸ் பண்ணுவாங்க, திருப்பிக் கோர்ட்டு அடிக்கும்.

ஒத்துமையா ஓட்டுப் போட்டா மட்டும் என்ன கிழிஞ்சுச்சு? ஹைகோர்ட்ல தமிழ்ல வாதாடணும்னு 2006 டிசம்பர்ல சட்டமன்றம் ஒரே குரலாத் தீர்மானம் போட்டுச்சு. அதுக்காக 2010-ல நம்ம மதுரை வக்கீலுக உண்ணாவிரதம்கூட இருந்தாங்க. அந்தத் தீர்மானத்துக்கும் வாய்தாதான்.

தனி ஆளா ஒரு உறுப்பினர் மசோதா கொண்டாந்து சட்டமாக்குன கடைசிக் கத எதுன்னு தெரியுமா? 1970. ஆனந்த் நாராயண் முல்லான்னு முன்னாள் ஹைகோர்ட் நீதிபதி, சுயேச்சையா ஜெயிச்சவரு. விடுதலையான ஆளுக்கு ஹைகோர்ட் அப்பீல்ல ஆயுளோ, பத்து வருசத்துக்குக் கொறையாத தண்டனையோ குடுத்தா, அவரு உச்ச நீதிமன்றம் போக உரிமை வாங்கிக் குடுத்தாரு. கோர்ட்டுச் சீர்திருத்தம்தான். கட்சியும் இல்ல, கொறடாவும் இல்ல. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு தனிநபர் மசோதாவும் சட்டமாகல.

முல்லா கதையச் சொல்லி முடிக்கல, வட்டத்துக்கு போன் வந்துருச்சு. “தலைவர் லைன்ல இருக்காருண்ணே, நீங்க கேட்டத எழுதிக் குடுங்க, அடுத்த கூட்டத்துல பேசச் சொல்றேன்”னு சொல்லிக்கிட்டே புல்லட்ட ஸ்டார்ட் பண்ணிட்டாரு. அவரு குடிச்ச டீக்கும் தின்ன ரெண்டு வாழக்கா பஜ்ஜிக்கும் காசு? அதுலயும் வெளிநடப்பு. நான்தான் குடுத்தேன். சிரிப்புத்தான் வந்துச்சு, வேற என்ன செய்ய?

அந்தச் சிரிப்பையும் கெடுக்குறதுக்குன்னே கோர்ட்டு வாசல்ல ஒரு ஜெராக்ஸ் கடை வச்சுருக்கான்யா. ஊரெல்லாம் ஒரு ரேட்டு, அங்க ஒரு ரேட்டு. பத்திரத்த நேரா வச்சு எடுக்கத் தெரியாது. அடி வரில இருக்குற சர்வே நம்பர் பாதி காணோம். பட்டாவும் சர்வே நம்பரும் இல்லாம அந்தத் தாள நான் என்ன பொட்டலம் மடிக்கவா? வேற எடுத்துக் குடுப்பான்னா, “எடுத்தது எடுத்ததுதாண்ணே, ரெண்டுக்கும் சேத்துக் குடுங்க”ங்கிறான். சில்லறை இல்லன்னா பாக்கிக்கு மிட்டாய் வேற. எனக்கு சுகர்டா!